மறுபடியும் பட்டாவா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் தாத்தாவின் ஓட்டு வீடு எங்களுக்கு வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நடுச்சுவரில் இரும்பு கர்டர் செருகி மாடி எழுப்புகிறார். அவர் வீட்டு மழைத்தண்ணீரும் எங்கள் பக்கம்தான் கொட்டுகிறது. கேட்டால் சண்டைக்கு வருகிறார். பட்டா எங்கள் பெயரில் இருக்கிறது. போலீசுக்குப் போகலாமா?
– வாசகர், சேலம்-2

பதில்: மறுபடியும் பட்டா! எத்தனை தடவை எழுதினாலும் பிரச்சினை என்றதும் எல்லோரும் பட்டாவையே நீட்டுகிறீர்கள். அது வருவாய்த்துறைக் கணக்கு. நடுச்சுவர் யாருடையது என்று அது சொல்லாது. தாத்தாவின் கிரயப் பத்திரத்தை எடுங்கள். சொத்து விவரத்தில் சக்குபந்தி (நான்கு பக்க எல்லை), கிழமேல் ஜாதியடி, தென்வடல் ஜாதியடி (கிழக்கு மேற்காகவும் தெற்கு வடக்காகவும் அடிக்கணக்கு) என்று போகும் இடத்தில் 'வடபுறச் சுவர் பொது' என்றோ 'தனிச்சுவர்' என்றோ இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். உங்கள் வழக்கே அதில்தான் நிற்கிறது. பத்திரம் காணவில்லை என்றால் வில்லங்கச் சான்று போட்டுப் பத்திர எண்ணைப் பிடித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்குங்கள். அசல் கையில் இருந்தால் லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். பிளாஸ்டிக்குக்குள் ஒட்டிப்போன பழைய முத்திரைத்தாளைக் கிழியாமல் பிரிக்க முடியாது. கையெழுத்தில் சந்தேகம் கிளப்பினால் மையையும் தாளையும் சோதிக்கவும் முடியாது. பாதுகாப்பு என்று நினைத்து ஊரெல்லாம் செய்கிற கொடுமை இது.

பொதுச்சுவராகவே இருந்தாலும் உங்களைக் கேட்காமல் கர்டர் ஏற்றக் கூடாது. மண்சாந்துச் சுவர் ஓட்டுக்கூரையின் பாரத்தை நீளம் முழுக்கப் பரப்பித் தாங்கும். கர்டர் நுனி ஒரே இடத்தில் அழுத்தினால் அடியில் உள்ள கல் நொறுங்கி, கீழ்நோக்கி விரிசல் ஓடும். விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள். வாரம் ஒருமுறை பாருங்கள். அவர் தன் பக்கமே தூண் எழுப்பி அதில் கர்டரை வைத்தால் இரண்டு வீடும் பிழைக்கும். பேச வாய்ப்பு இருந்தால் இதைப் பேசுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கவனம். 20 வருஷம் தடையில்லாமல், உங்கள் அனுமதி கேட்காமல், உரிமையோடு விட்டு வந்திருந்தால் 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் (அடுத்தவர் இடத்தின் மேல் ஒருவருக்கு உள்ள உரிமையைச் சொல்வது) அவர் பக்கம் பேசும். ஆனால் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு இறவாணத் (கூரையின் வெளி விளிம்பு) தண்ணீரையே உதாரணமாகச் சொல்கிறது: உங்கள் இடத்துக்குச் சுமை கூடும்படி இறவாணத்தை முன்னால் நீட்ட அவருக்கு உரிமை இல்லை. மாடி வந்து இறவாணம் நீண்டால் அந்தப் பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் 'சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்பும். கைகலப்பு, மிரட்டல் என்றால் மட்டும் அங்கே போங்கள். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் அவருடைய கட்டட அனுமதியைக் கேளுங்கள். சர்வேயரை வைத்து அளக்க மனுப் போடுங்கள். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முன்பே சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம். அங்கே முடிகிற ஒப்பந்தத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது. கூரை போடும் கட்டத்துக்கு அவர் வந்துவிட்டால் அதற்கும் காத்திருக்காதீர்கள்: வக்கீலைப் பார்த்து இடைக்காலத் தடையும், சுவரைப் பார்த்து அளக்க நீதிமன்றம் அனுப்பும் ஆணையரும் கேளுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு இடிக்கச் சொல்லி உத்தரவு வாங்குவது பெரும்பாடு.