ஊர் ஏக்கத்தைப் பொது இடத்து ஒளிக்கலையால் சொல்ல முடியுமா, இல்லை அது வெறும் சீரியல் விளக்கு அலங்காரமா?

முடியும். ஆனால் உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது, இந்தப் பெயரில் வருவதில் பாதி செல்ஃபிக்குப் பின்னணிதான். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அங்கே வெளிச்சம் ஏதாவது வேலை செய்கிறதா, சும்மா மின்னுகிறதா?

நானும் ஊரை விட்டு வந்தவன். வீடியோ காலில் அம்மாவின் முகத்தில் ஜன்னல் வெயில் விழும், என் பக்கம் நடுராத்திரி. தூரம் எனக்கு உறைப்பது கிலோமீட்டரில் இல்லை, அந்த வெயிலில்தான். அதனாலோ என்னவோ ஒளிக்கலைஞர் புரூஸ் மன்றோவின் 'சிடிஸீ' (சிடிகளால் ஆன கடல்) எனக்கு அவ்வளவு பிடிக்கும். இங்கிலாந்துக்காரரான அவர் இளம் வயதில் சிட்னியில் வாழ்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நீல்சன் பூங்காவில், கடல் தண்ணீர் வெள்ளியாக மினுங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு, இதில் கையை வைத்தால் அந்தக் கோடியில் இங்கிலாந்தின் சால்கோம்பில் இருக்கும் அப்பாவைத் தொட்டுவிடலாம் என்று தோன்றியதாம். 2010-இல் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஒரு புல்வெளி முழுக்க சுமார் 6,00,000 பழைய சிடிகளைப் பரப்பி அந்தக் கடலைச் செய்தார். வானத்திலிருந்து விழுகிற வெளிச்சத்தைத் திருப்பித் தருவதுதான் அந்தத் தட்டுகளின் வேலை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஊர் திரும்பி, சொந்த நாட்டு மண்ணில் நின்றுகொண்டு, அவர் செய்தது ஊருக்காக ஏங்கிய அந்த வெளிநாட்டுக் கடலை! ஊர் கிடைத்த பிறகும் ஏக்கம் போகவில்லை, இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் மெக்சிகோவில் பிறந்த கலைஞர் ரஃபேல் லொசானோ-ஹெம்மரின் 'பார்டர் டியூனர்', 2019 நவம்பரில். அமெரிக்காவின் எல் பாசோ, மெக்சிகோவின் சியூடாட் ஹுவாரெஸ் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள், நடுவில் ஒரு ஆறும் எல்லை வேலியும். இந்தப் பக்கத்து சர்ச்லைட் கற்றையைத் திருப்பித் திருப்பி அந்தப் பக்கத்துக் கற்றையோடு சேர்த்தால் மைக்கும் ஸ்பீக்கரும் திறந்து இருவரும் பேசிக்கொள்ளலாம். நம் புலவர்கள் நாரையைத் தூது விட்டார்கள், இவர் சர்ச்லைட்டை விட்டார். கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரும் தூரதேசமாகிவிடலாம் என்பதை இதைவிட நேராகச் சொன்ன வேலையை நான் அறியேன்.

போலந்தை விட்டு வந்த கலைஞர் கிரிஸ்டோஃப் வொடிச்கோ 2020-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் பூங்காவில் செய்ததையும் தேடிப் பாருங்கள். அங்கே 1881-இல் வைத்த, அமெரிக்கக் கடற்படை அட்மிரல் ஃபாரகட்டின் சிலை ஒன்று இருக்கிறது. அகதிகளாக வந்து குடியேறிய 12 பேரின் முகத்தையும் கைகளையும் அந்த வெண்கலத்தின் மேலேயே ஒளியாக விழவைத்து, அவர்கள் குரலையும் ஒலிக்கவிட்டார். போர்வீரனுக்கு வைத்த சிலை, போருக்குத் தப்பி வந்தவர்களின் கதையைச் சொல்லிக்கொண்டு நின்றது.