கெளுத்தி முள்ளும் தண்ணீர்ப்பாம்பும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் கண்மாய் வற்றி, சென்ற வாரம் மீன்பிடி நடந்தது. கரையோரம் ஒரு தண்ணீர்ப்பாம்பு கெளுத்தி மீனைப் பாதி விழுங்கிக் கிடந்தது. மீனின் முள் அதன் கழுத்தைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "பேராசை, சாகட்டும்" என்றார் ஒரு பெரியவர். மீனின் வாலைப் பிடித்து இழுத்துவிடலாமா என்று நினைத்தேன், பயத்தில் விட்டுவிட்டேன். முள் குத்தியும் அது ஏன் மீனைத் துப்பவில்லை?

- ஒரு வாசகர், நாகமலைப் புதுக்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

இழுக்காமல் விட்டீர்களே, அதுவே பெரிய உதவி. கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள். ஆபத்து வந்தால் அவற்றை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், அழுத்தினால் மடங்காது. சிறுவயதில் வண்டியூர்க் கண்மாயில் ஒருமுறை குத்து வாங்கியிருக்கிறேன். இரவெல்லாம் கை கடுத்தது.

பாம்பு பெரும்பாலும் இரையைத் தலையிலிருந்தே விழுங்கும். செதிலும் துடுப்பும் வால்பக்கமாகப் படிந்து வழுக்கிக்கொண்டு போகும். கெளுத்தியிடம் அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. சாய்ந்து நிற்கும் முள்ளின் நுனி வாலை நோக்கியிருப்பதால், வெளியே இழுத்தால் தூண்டில் முள்ளைப் போல இன்னும் ஆழமாக ஏறும். பாம்பின் பற்களும் உள்நோக்கி வளைந்தவை. மிரண்டால் இரையைக் கக்கிவிடும் பாம்புக்கும், முள் மாட்டியபின் கக்குவது எளிதல்ல. கையில்லாத உயிர் வேறு என்ன செய்யும்? அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பசிக்குக் கிடைத்ததைப் பிடித்தது, அவ்வளவுதான்.

முள்ளம்பன்றியை விழுங்கிய மலைப்பாம்புகளும் இப்படி மாண்டிருக்கின்றன. ஐரோப்பாவில் இன்றைய வட மாசிடோனியாவின் ஒரு தீவில், தன்னைவிடச் சற்றே எடை கூடிய பூரானை விழுங்கிய குட்டி விரியன் ஒன்று செத்துக் கிடந்தது. பூரானின் தலை விரியனின் வயிற்றைக் கிழித்து வெளியே வந்திருந்தது.

ஆனால் உங்கள் பாம்பு செத்தே போயிருக்கும் என்று நினைக்க வேண்டாம். வட அமெரிக்க நீர்ப்பாம்புகள் சில, விலாவில் கெளுத்தியின் உறவு மீன்களுடைய முள் துருத்திக்கொண்டிருக்க, உயிரோடு நடமாடுவதைப் பார்த்திருக்கிறார்கள். உடலுக்குள் மீன் செரித்துப்போகும். முள் கழன்று விழுந்து காயம் ஆறுவதும் உண்டு.

அடுத்த முறை கண்டால் கம்பெடுக்கும் பிள்ளைகளை மட்டும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அது நஞ்சில்லாத பாம்பு. சீண்டினால் கடிக்கும், அவ்வளவே. மீன்பிடி முடிந்ததும் கரையில் விட்டுப்போகும் நைலான் வலைத்துண்டுகளை முடிந்தால் பொறுக்கி எடுங்கள். வலையில் சிக்கிய மீனைத் தேடி வந்து தானும் சிக்கிக்கொள்ளும் பாம்பால், அந்த நூலிலிருந்து தானாக விடுபட முடியாது.

அன்புடன்.