மும்பையில் போலீஸ் வேலைக்குச் சேர உங்களைத் தூண்டியது எது?

கேள்வி: நான் செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பட்டப்படிப்பு முடித்துவிட்டேன். மகாராஷ்டிரப் போலீஸ் தேர்வு எழுத ஆசை. "உனக்கு எதற்கு இந்த வேலை?" என்று வீட்டில் கேட்கிறார்கள், எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் எதற்காகச் சேர்ந்தீர்கள்?

பதில்: முதலில் ஒரு நல்ல செய்தி. கான்ஸ்டபிள் தேர்வில் இந்தக் கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். நேர்முகத் தேர்வே கிடையாது. மைதானத்தில் 50 மதிப்பெண், எழுத்துத் தேர்வில் 100, பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை. 800 மீட்டரை 2 நிமிடம் 50 விநாடிக்குள் ஓடி முடித்தால் 20 மதிப்பெண் தருவார்கள். எதற்காக ஓடுகிறாய் என்று யாருக்கும் அக்கறை இல்லை.

என்னிடம் இதை முதன்முதலில் கேட்டவர் பெண் பார்க்க வந்த ஒரு திருநெல்வேலி அம்மாள். "டீச்சர் வேலைக்குப் போயிருக்கலாமே, எதற்கம்மா இந்தக் காக்கி?" என்றார். "அரசாங்க வேலை அத்தை, பென்ஷன் உண்டு" என்றேன். பொய் சொல்லவில்லை, முழுவதையும் சொல்லவுமில்லை. அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை, வருத்தமும் இல்லை. அவரிடம் சொல்லாமல் விட்டதை உங்களுக்குச் சொல்கிறேன். என் பெயரையும் ஸ்டேஷனையும் மட்டும் கேட்காதீர்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் "சேவை மனப்பான்மை" என்று தொடங்குகிறவர்களை நான் நம்புவதில்லை. நான் தாராவியில் 90 அடி சாலைக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் வளர்ந்தவள். விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி நகரமெங்கும் போகிறார்களே, அவர்களில் ஒருவர் என் அப்பா. மழை நாளில் வியாபாரம் பாதி, பந்த் என்றால் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்பதே பெரிய லட்சியம். ஏழாவது ஊதியக் குழுவின்படி இங்கே கான்ஸ்டபிளின் அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. எனக்குக் குவார்ட்டர்ஸ் மீதும் ஒரு கண் இருந்தது. பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றே வளர்ந்த எனக்கு, சொந்தக் கழிப்பறை உள்ள வீடு என்பது தீராத கனவு. வேலை கிடைத்த பிறகு நாயகாவில் பி.டி.டி. சால் என்ற பழைய அடுக்குக் குடியிருப்பில் ஒரு தோழியின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். ஆங்கிலேயர் காலத்துக் கட்டடம், 160 சதுர அடி அறை, கழிப்பறை தாழ்வாரக் கோடியில், மாடி முழுவதற்கும் பொது! சிரித்துவிட்டேன்.

ஆனால் சம்பளம் மட்டும்தான் காரணம் என்றால் ரயில்வேக்கோ மாநகராட்சிக்கோ எழுதியிருப்பேன். போலீஸ்தான் என்று முடிவு செய்ததற்குக் காரணம் ஒரு சீட்டு.

எங்கள் சந்தில் ஒரு பெண்மணி குலுக்கல் சீட்டு நடத்தினார். அம்மா அதில் சேர்ந்திருந்தார். அக்காவின் கல்யாணத்துக்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலுத்திய பணம். பாதிச் சீட்டு ஓடியதும் குலுக்கல் நின்றது. இன்று வா, நாளை வா என்றார். பிறகு கதவையே திறக்கவில்லை. நான் அப்போது பள்ளி மாணவி. மராத்தி பேசத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்தி என்பதால் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். பணியில் இருந்த அதிகாரி பாதி கேட்டார், கையை அசைத்தார். "கொடுக்கல் வாங்கல் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்." அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டப்படி அந்த வாக்கியத்தில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவில்லை என்பது மட்டுமே குற்றம் ஆகிவிடாது.

நாங்கள் எழுந்துவிட்டோம். அடுத்த மேசையில் ஏதோ பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த பெண் கான்ஸ்டபிள் தலையை நிமிர்த்தாமலே என்னிடம் கேட்டார்: "முதல் இரண்டு மூன்று குலுக்கலில் யாருக்கு விழுந்தது? அந்த ஆட்களை உன் அம்மா நேரில் பார்த்திருக்கிறாரா?"

அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பெயர்கள் நினைவில் இருந்தன. ஆட்களைப் பார்த்ததே இல்லை. சந்தில் யாருமே பார்த்ததில்லை.

அந்தப் பதிலோடு விஷயம் புரண்டுவிட்டது. இல்லாத ஆட்களின் பெயரில் முதல் சீட்டுகளை அந்தப் பெண்மணியே எடுத்திருந்தால், ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று அர்த்தம். அப்போது அது கடன் பாக்கி இல்லை, மோசடி. அன்றைக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 420. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. முன் அனுமதி இல்லாமல் சீட்டு நடத்துவதையே 1982ஆம் ஆண்டுச் சிட் ஃபண்ட் சட்டம் தடை செய்கிறது என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்று தெரிந்தது ஒன்றுதான். அதே அதிகாரி எங்களை மறுபடி உட்காரச் சொன்னார். சீட்டு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பெண்மணியை வரவழைத்தார். பணம் முழுவதும் வரவில்லை, ஒரு பகுதி வந்தது. அக்காவின் கல்யாணம் கொஞ்சம் தள்ளி நடந்தது.

அந்தக் கான்ஸ்டபிள் எங்களிடம் தனியாக அன்பு எதுவும் காட்டவில்லை. கேள்வியைக் கேட்டார், மீண்டும் பதிவேட்டில் குனிந்துகொண்டார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் எங்கள் சந்து முழுவதும் மாதக் கணக்கில் அழுதும் திட்டியும் மண்ணை வாரித் தூற்றியும் நகராத ஒன்றை எங்கே பிடித்துத் தள்ளினால் நகரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அவர்மேல் நன்றியைவிடப் பொறாமைதான் அதிகம். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஆளாக நானும் ஆக வேண்டும் என்று நினைத்தேன். அதுதான் என் காரணம். தேசம், தியாகம் எல்லாம் அந்த வயதில் என் தலைக்குள் வரவே இல்லை.

சட்டம் தெரிந்தவர்கள், 2013இல் உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று சொல்லிவிட்டதே, இனி அந்தக் கேள்வி எதற்கு என்பார்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் தெளிவாகக் காட்டினால் கட்டாயம்தான். ஆனால் பணத் தகராறு, குடும்பத் தகராறு போன்றவற்றில் முதற்கட்ட விசாரணைக்கு அதே தீர்ப்பு இடம் கொடுக்கிறது. ஆகவே எதிரே இருப்பவர் சரியான கேள்வியைக் கேட்கிறாரா என்பதில்தான் இன்றைக்கும் பல புகார்கள் நிற்கின்றன அல்லது விழுகின்றன. என்.சி., அதாவது வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றம் என்று எழுதிக் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதைப் புலனாய்வு செய்ய முடியாது என்பது அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்ளும் பலருக்குத் தெரியாது.

நம் ஆட்களுக்கு இன்னொரு பழைய பாரமும் உண்டு. எழுபது, எண்பதுகளில் தமிழர்கள் தங்கள் வழக்குகளை ஸ்டேஷனுக்குக் கொண்டு போகாமல் வரதராஜன் முதலியாரிடம் கொண்டு போனார்கள் என்பது எங்கள் பகுதிப் பெரியவர்கள் அலுக்காமல் சொல்லும் கதை. மாட்டுங்கா ரயில் நிலையம் அருகே அவர் வைத்த பிள்ளையார் பந்தலைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகம் மலரும். எனக்கு மலர்வதில்லை. கள்ளச் சாராயத்திலும் கடத்தலிலும் பணம் சேர்த்தவர் அவர். ஆனால் ஜனங்கள் ஏன் அங்கே போனார்கள் என்பது எனக்குப் புரிகிறது. அங்கே தமிழில் கேட்டார்கள், கடைசிவரை கேட்டார்கள். நான் வேலையில் சேர்ந்தபோது "எதிர்க் கட்சிக்குப் போய்விட்டாளே" என்பதுபோல் பார்த்த கிழவர்கள், இப்போது பேரனின் பாஸ்போர்ட் சரிபார்ப்பிலிருந்து வாடகைத் தகராறு வரை என் அப்பாவிடம்தான் முதலில் வந்து சொல்கிறார்கள். நான் ஒன்றும் செய்து கொடுப்பதில்லை. எங்கே போய் எப்படிச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புவேன். இத்தனைக்கும் 2009இல் இந்த நகரத்தின் போலீஸ் கமிஷனராக இருந்தவரே சிவானந்தன் என்ற தமிழர்தான். மேலே ஒருவர் இருப்பதும் கீழே மேசையில் ஒருவர் இருப்பதும் வேறு வேறு.

பயிற்சியின்போது எதற்காகச் சேர்ந்தாய் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். பலர் சொன்ன பெயர் துக்காராம் ஓம்ப்ளே. 2008 நவம்பர் 26 இரவு, மும்பைத் தாக்குதலின்போது, கையில் லத்தி மட்டும் வைத்துக்கொண்டு கசாபின் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்ட உதவி சப் இன்ஸ்பெக்டர். அவர் உயிரைக் கொடுத்ததால்தான் கசாப் உயிரோடு பிடிபட்டான். அசோக சக்கரம் வழங்கப்பட்டது. கிர்காவ் சௌபாட்டியில் அவருடைய சிலை இருக்கிறது. பிள்ளையாரைக் கடலில் கரைக்கும் விசர்ஜன் பந்தோபஸ்துக்கு அந்தப் பக்கம் போட்டால் நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நிற்பேன். ஆனால் அவரைப்போல் ஆக வேண்டும் என்று வந்தவர்களில் சிலர்தான் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். அப்படிப்பட்ட இரவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை, வாய்க்கவும் கூடாது. வாய்ப்பது பந்தோபஸ்து. லால்பாக் ராஜா என்ற பெரிய பிள்ளையார் அனந்த சதுர்த்தசி அன்று காலை கிளம்பினால் கடலில் இறங்க மறுநாள் ஆகிவிடும். அத்தனை நேரமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கழிப்பறை எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் தண்ணீர் குடிப்பதைத் தள்ளிப்போடுவது பெண் போலீசார் எல்லாரும் அறிந்த தந்திரம். உடம்புக்குக் கெடுதல் என்றும் எல்லாருக்கும் தெரியும். எட்டு மணி நேரப் பணி என்பதை 2016இல் தேவ்னார் ஸ்டேஷனில் சோதனையாகத் தொடங்கினார்கள். அதற்கு யோசனை கொடுத்தவர் அங்கிருந்த ஒரு கான்ஸ்டபிள் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. பெண்களுக்கென்று 2022இல் மறுபடி உத்தரவு வந்தது. காகிதத்தில் எட்டு, திருவிழாவும் தேர்தலும் வந்தால் காகிதம் காற்றில் பறக்கும்.

மிடுக்குக்காக வருகிறவர்களும் உண்டு. முதல் வாரத்தில் சீருடையில் சந்துக்குள் நடந்தபோது எனக்கும் அது இனித்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்காகவே வந்தவர்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பேச விடுவதில்லை. பழி தீர்க்க வருகிறவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள். எல்லாப் புகாரிலும் அவர்களுடைய பழைய எதிரியின் முகமே தெரிகிறது.

ஆகவே உங்கள் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. பென்ஷன் என்று சொன்னால்கூடத் தவறில்லை. (2005 நவம்பர் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை என்பதை அந்த அம்மாளிடம் நான் விளக்கவில்லை.) ஆனால் வீட்டாரைவிட உங்களைத் தடுக்கக்கூடியது காகிதங்கள்தான், அதைச் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு உயரம் 155 சென்டிமீட்டர் வேண்டும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 28. கேள்வித்தாள் மராத்தியில் வரும், மராத்தி இலக்கணமும் கேட்பார்கள். செம்பூர் மராத்தி பேச்சுக்குப் போதும், தேர்வுக்குப் போதாது. தமிழ்நாட்டில் உங்கள் சாதி எந்தப் பட்டியலில் இருந்தாலும், குடும்பம் மகாராஷ்டிரத்துக்கு எப்போது வந்தது என்பதைப் பார்ப்பார்கள். பட்டியல் சாதியினருக்கு 1950 ஆகஸ்ட் 10, ஓ.பி.சி.க்கு 1967 அக்டோபர் 13. அதற்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் இல்லையென்றால் பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். என் தாத்தா அந்தத் தேதிக்குப் பிறகு ரயில் ஏறியவர். நான் பொதுப் பிரிவில்தான் ஓடினேன். பெண்களுக்கான 30 சதவீத ஒதுக்கீடு பொதுப் பிரிவுக்குள்ளும் உண்டு, அது உங்களுக்குக் கை கொடுக்கும். குடியிருப்புச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்து விடுங்கள். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் உங்கள் அப்பா பெயரின் எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். தலைப்பெழுத்து வைக்கும் நம் வழக்கத்தால் தமிழ்க் குடும்பங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் அது. வேலைவாய்ப்பு விளம்பரம் வந்த பிறகு அதைத் திருத்த நேரம் இருக்காது.