அக்காவிடம் கேளுங்கள்: ஜெபிக்க முடியாத நாட்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஜெபத்தைப் பற்றியவைதான் அதிகம். மூன்றை எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கு நிறைய இடம் போய்விட்டது, அது அப்படிப்பட்ட கடிதம்.

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. நகையெல்லாம் அடகில் இருக்கிறது. முன்பெல்லாம் காலை ஐந்து மணிக்கே எழுந்து ஜெபிப்பேன். இப்போது முழங்கால் போட்டால் அழுகை மட்டும்தான் வருகிறது, சில நாள் ஆண்டவர் மேல் கோபம்கூட வருகிறது. வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒருவர், "இந்த வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, விசுவாசமும் குறைவு, அதனால்தான் சுகம் கிடைக்கவில்லை" என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வேதத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது. என் ஜெபத்தை ஆண்டவர் கேட்பாரா?
- வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் அந்த மனிதர் சொன்னதை மனதிலிருந்து எடுத்துப் போட்டுவிடுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்த சீஷர்களும் இதே கேள்வியைத்தான் இயேசுவிடம் கேட்டார்கள், இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று. இரண்டுமில்லை என்று ஆண்டவர் நேராகவே சொல்லிவிட்டார் (யோவான் 9). எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்களையும் நினைத்துப் பாருங்கள். ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபிறகுதான் எல்லாம் கெட்டது, கடைசியில் தேவன் கோபித்துக்கொண்டதும் அவர்கள் மேல்தான், புலம்பித் தீர்த்த யோபுவின் மேல் அல்ல. நோயாளி இருக்கும் வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்கள் யோபு புத்தகத்தை ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிட்டுப் போனால் நல்லது என்று இந்தப் பகுதியில் நான் அடிக்கடி எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

அப்புறம் உங்கள் கோபம். சங்கீதங்கள் மொத்தம் 150, அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ம் சங்கீதம் எடுத்த எடுப்பிலேயே கேட்கிறது. 88-ம் சங்கீதத்தில் கடைசிவரைக்கும் ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லை, சிநேகிதரெல்லாம் தூரமாகிவிட்டார்கள் என்ற வேதனையோடு அப்படியே முடிந்துவிடுகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சிலுவையில் தொங்கியபோது ஆண்டவர் வாயிலிருந்து வந்ததும், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22-ம் சங்கீதத்தின் முதல் வரிதானே! நீங்கள் அழுதுகொண்டு கேட்கிற கேள்வியை அவரே கேட்டிருக்கிறார். வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை. நாம் எப்படி வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நிற்கும்போது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8-ல் பவுல் எழுதுகிறார். முழங்காலில் நின்று அழுதுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போகிறீர்களே, அந்த நேரமும் ஜெபத்தில்தான் சேரும், சகோதரி. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

ஜெபித்தால் பலமும் சமாதானமும் வரும் என்கிறார்களே, எனக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வியும் உங்கள் கடிதத்துக்குள் இருக்கிறது. அன்னாளின் கதையை (1 சாமுவேல் 1) மறுபடி மெதுவாகப் படியுங்கள். சீலோவிலிருந்த ஆலயத்தில் அவள் ஒரு பிள்ளை வேண்டும் என்று உதடு மட்டும் அசைய அழுது ஜெபிக்கிறாள், ஆசாரியனான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துத் திட்டுகிறார் (ஊழியக்காரர்கள் தப்பாகப் புரிந்துகொள்வது அன்றைக்கே இருந்திருக்கிறது). அவளோ, என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன் என்கிறாள். அதற்கப்புறம் ஒரு சின்ன வசனம் வரும், அவள் போய்ச் சாப்பிட்டாள், பிறகு அவள் துக்கமுகமாக இருக்கவில்லை என்று. பிள்ளை இன்னும் கருவில்கூட உண்டாகவில்லை! பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்வைக்கு அவள் நிலைமை நேற்றைக்கு இருந்தது போலவேதான் இருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி அவளால் சாப்பிட முடிந்தது. சமாதானம் என்று நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான், கேட்டது கிடைத்தபிறகு வரும் சந்தோஷம் வேறு, இது வேறு.

சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில் இயேசு ஜெபித்ததையும் பாருங்கள். நீங்க வேண்டும் என்று அவர் கேட்ட பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை, ஆனால் பலப்படுத்த ஒரு தூதன் வந்ததாக லூக்கா சொல்கிறார். நம் பக்கத்திலேயே டோனாவூரில் மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் இருந்தார்களே, 1931-ல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டபிறகு 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் அவர்களுக்கு அந்த அறையும் கட்டிலும்தான். எத்தனை பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர்கள், எவ்வளவு ஜெபித்தவர்கள்! அவர்களுக்கா விசுவாசம் குறைவு? அந்தக் கட்டிலில் இருந்துகொண்டே புத்தகங்கள் எழுதினார்கள். உங்கள் கணவருக்குச் சுகம் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தினமும் கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். கிடைக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நாளையும் உங்கள் மேல் எழுதப்பட்ட தீர்ப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ஐந்து மணி ஜெபத்தைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். இரவெல்லாம் விழித்திருந்து நோயாளியைப் பார்க்கிறவளிடம் ஆண்டவர் அலாரம் வைத்துக் கணக்குக் கேட்பவர் அல்ல. டயாலிசிஸ் நடக்கும் நாலு மணி நேரமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்களே, அங்கே ஒரே ஒரு வரியை வைத்துக்கொள்ளுங்கள், "ஆண்டவரே, இரக்கமாயிரும்", அது போதும், மூச்சு விடும்போதெல்லாம் அதையே சொல்லுங்கள். சபையில் நீங்கள் நம்பும் இரண்டு பெண்களிடம் வெளிப்படையாகவே கேளுங்கள், என்னால் இப்போது ஜெபிக்க முடியவில்லை, எனக்காக நீங்கள் செய்யுங்கள் என்று. திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு நாலு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே இயேசு பார்த்தது அந்தச் சுமந்தவர்களின் விசுவாசத்தை (மாற்கு 2). கொஞ்ச காலம் உங்களையும் யாராவது சுமக்கட்டும். இன்னொன்று, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் சேரும், இதுவரை அட்டை எடுக்கவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் இந்த வாரமே விசாரியுங்கள்.

கேள்வி: வேலை போய்விட்டது. புது வேலை கிடைத்தால் முதல் மாதச் சம்பளத்தை முழுதாகக் காணிக்கை போடுவதாகப் பொருத்தனை செய்திருக்கிறேன். இது ஆண்டவரிடம் பேரம் பேசுவது ஆகுமா? ராத்திரி தூக்கமே இல்லை.
- வாசகர், சென்னை

பதில்: தம்பி, அன்னாளும் பொருத்தனை செய்தவள்தான், நன்றியோடு செய்வதில் தப்பில்லை. காணிக்கை பெரிதாக இருந்தால்தான் ஆண்டவர் காது கொடுப்பார் என்ற பயத்தில் செய்திருந்தால், அந்தப் பயத்தையே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் தகப்பன், விலை வைத்து எதுவும் தருகிறவர் அல்ல. முதல் மாதச் சம்பளம் வரும்போது வாடகை பாக்கியும் கூடவே வந்து நிற்கும், அதனால் புதிதாக எதையும் நேர்ந்துகொள்ளாமல், செய்ததைப் பற்றி உங்கள் போதகரிடம் ஒருமுறை பேசுங்கள். தூக்கம் வராத நேரத்தில் போனை எடுக்காதீர்கள். ஒரு நோட்டில் அன்றைய கவலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஒப்புக்கொடுத்துவிட்டு, 4-ம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்லிப் படுங்கள். ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல் அப்போது காவலில் இருந்தார், வசதியாக உட்கார்ந்து எழுதிய புத்திமதி இல்லை அது. காலையில் எழுந்ததும் விண்ணப்பம் போடும் வேலையையும் தொடர வேண்டும், தம்பி.

கேள்வி: என் மகள் பல வாரமாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் படுத்தே கிடக்கிறாள், சாக வேண்டும் என்கிறாள். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போகலாம் என்றால், உபவாச ஜெபம் போதும், மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்கிறார்கள் வீட்டில். எனக்குக் குழப்பமாக இருக்கிறது.
- ஒரு தாய், மதுரை

பதில்: அம்மா, தயவுசெய்து இன்றைக்கே கூட்டிப் போங்கள், வீட்டில் எல்லாரும் சம்மதிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எலியாவும் சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சாவைக் கேட்டவர். அவ்வளவு பெரிய தீர்க்கதரிசியை விசுவாசம் இல்லாதவன் என்று தேவன் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டார், தூதனை அனுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து எழுப்பினார், மறுபடியும் தூங்க விட்டு மறுபடியும் சாப்பிட வைத்தார், பேசியதெல்லாம் அதற்கப்புறம்தான் (1 இராஜாக்கள் 19). உடம்புக்கும் மனதுக்கும் வேண்டியதைக் கொடுப்பது தேவனே செய்த காரியம், அது எப்படி அவிசுவாசம் ஆகும்? உபவாசம் இருக்க விரும்புகிறவர்கள் இருக்கட்டும், ஆனால் மகளைப் பட்டினி போட வேண்டாம். அவளைத் தனியாக விடாதீர்கள், மாத்திரை, மருந்து, பூச்சிக்கொல்லி எதுவும் அவள் கைக்கு எட்டும்படி இருக்கக் கூடாது. மருத்துவரிடம் போவதற்குள் பயமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். போகிற வழியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள்ளேயே ஜெபியுங்கள். மருத்துவரைப் பார்த்தபிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.