காரைத் தாழ்த்த ஸ்பிரிங் மட்டும் போதுமா?

கேள்வி: 2013 டொயோட்டா 86 வைத்திருக்கிறேன். 40 மி.மீ. தாழ்த்த ஆசை. ஸ்பிரிங் மாற்றினால் போதுமா, காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக வரும், உயரத்தை மாற்றக்கூடிய செட்) வேண்டுமா?

பதில்: முதலில் 40 என்பதை 20–25 ஆக்குங்கள். இந்தக் காரின் முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட்; அதாவது சக்கரத்தை மேலே ஷாக் அப்சார்பரும் கீழே ஓர் ஆர்மும் (இணைப்புக் கை) பிடித்திருக்கும். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் கீழ் ஆர்மின் சக்கர முனை, பாடியோடு சேரும் முனையைவிட மேலே போய்விடும். அப்போது ரோல் சென்டர் (வளைவில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), காரின் எடைமையத்தைவிட அதிகமாக இறங்கும். கார் தாழ்வாகத் தெரியும்; வளைவில் முன்னைவிட அதிகம் சாயும். அழகுக்காக இதை இழக்காதீர்கள்.

25 மி.மீ.க்குள் என்றால், நல்ல நிலையிலுள்ள ஒரிஜினல் டேம்பரோடு (ஷாக் அப்சார்பர்) தரமான ஸ்பிரிங் செட் போதும். டேம்பரில் எண்ணெய் கசிந்தால் புது ஸ்பிரிங் வீண். பம்ப் ஸ்டாப்பை (டேம்பர் முழுதும் அமுங்கும்போது இடியைத் தாங்கும் மெத்தை) ஸ்பிரிங் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டுமே வெட்டுங்கள்.

டிராக்கில் ஓட்டுவீர்களானால் காயில்ஓவர். உயரத்தை அடி பிராக்கெட்டில் (டேம்பரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் கீழ்த் துண்டு) மாற்றும் வகையை வாங்குங்கள். ஸ்பிரிங் இருக்கையை (ஸ்பிரிங் அமரும் தட்டு) இறக்கி உயரம் குறைக்கும் வகையில் டேம்பரின் அமுங்கும் தூரம் குறைந்து, குழியில் இடிக்கும்.

பொருத்தும்போது பலரும் தவறுவது ஒன்று: ஆர்ம் போல்ட்டுகளைக் கார் தொங்கும் நிலையிலேயே இறுக்குவது. ஆர்ம் மூட்டிலுள்ள ரப்பர் புஷ் முறுக்கியபடியே நின்று விரைவில் கிழியும். சக்கரங்கள் எடை தாங்கும்போதுதான் கடைசி இறுக்கம்.

பின் கேம்பரை (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) சரிசெய்ய இக்காரில் ஒரிஜினல் வசதி இல்லை. நெகட்டிவ் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) அதிகமாகி டயரின் உள்விளிம்பு தேய்ந்தால், அட்ஜஸ்டபிள் கீழ் ஆர்ம் போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்ததும் அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம் இரண்டையும் பாருங்கள்.