யானை நிக்கிற அந்தக் கட்டடம் கோர்ட்டா, பார்லிமெண்டா?

கேள்வி: அக்கா, ஊர்ல இருந்து அப்பா வந்திருக்காரு. சிங்கப்பூர் ஆத்தோரமா நடந்து போறப்ப வாசல்ல யானை சிலை இருக்கிற வெள்ளைக் கட்டடத்தப் பாத்து இது என்னம்மான்னு கேட்டாரு, நான் பழைய பார்லிமெண்ட்னு சொன்னேன், பக்கத்துல உட்காந்திருந்த பெரியவர் ஒருத்தர் இல்லம்மா அது கோர்ட்டுனு சொல்லிட்டாரு. எது சரி? இடமே பத்தாத ஊர்ல அத ஏன் இடிக்காம வச்சிருக்காங்கன்னும் அப்பா கேக்குறாரு. (ஈசூன் வாசகி)

பதில்: ரெண்டுமே சரிதான் தங்கச்சி, ஆனா பெரியவர் சொன்னதுதான் முந்தினது. அது இன்னும் பழைய கதை, முதல்ல அது வீடு. மேக்ஸ்வெல்னு ஒரு ஸ்காட்லாந்து வியாபாரி தனக்குன்னு கட்டச் சொன்னது, கட்டினவர் கோல்மேன்னு ஒரு ஐரிஷ்காரர், ஆர்மீனியன் சர்ச் கூட அவர் கைதான். 1827-ல வேலை முடிஞ்சுச்சு, ஆனா மேக்ஸ்வெல் அதுல ஒரு நாள் கூட குடியிருக்கல, ஏன்னா சிங்கப்பூர நிறுவின ராஃபிள்ஸ் போட்ட ஊர்த் திட்டத்துல அந்தக் கரை அரசாங்கத்துக்குன்னு ஒதுக்கின இடம், கடைசியில அரசாங்கமே வாடகைக்கு எடுத்து கோர்ட் நடத்த ஆரம்பிச்சிடுச்சு. அப்போ சிங்கப்பூரே ஒரு சின்ன டவுன்தான், 1824 கணக்குல மொத்த ஜனமே 11,000-க்கும் கம்மி. பக்கத்துல கப்பல் கட்டுற பட்டறை வேற, அந்தச் சத்தத்துல வழக்கு நடத்த முடியாம தனியா ஒரு கட்டடம் சேர்த்துக் கட்ட வேண்டியதாப் போச்சு. 1875-ல பெரிசாக்கி உச்ச நீதிமன்றமா ஆக்கினாங்க, 1939 வரைக்கும் அப்படித்தான். 1954-ல சட்டமன்றம், 1965-ல இருந்து நாடாளுமன்றம், 1999-ல புதுக் கட்டடத்துக்குப் போனாங்க, 2004-ல ஆர்ட்ஸ் ஹவுஸ் ஆச்சு.

யானை சயாம் (இப்போ தாய்லாந்து) ராஜா சூலலாங்கோர்ன் 1871-ல இங்க வந்துட்டுப் போன ஞாபகமா குடுத்தது. முதல்ல டவுன் ஹால் முன்னாடி இருந்துச்சு, 1919-லதான் இங்க கொண்டுவந்து வச்சாங்க.

அப்பா கேட்டதுக்கு வர்றேன். ஏன் இடிக்கலன்னா, அது ரொம்ப காலம் சும்மா பூட்டிக் கெடக்கல, அதான் என் எண்ணம். வீடு கோர்ட்டாச்சு, கோர்ட் பார்லிமெண்டாச்சு, இப்போ நாடகம் கச்சேரின்னு ஆள் நடமாட்டம் இருக்கு. பூட்டி வச்சா கூரை ஒழுகுறது யாருக்குத் தெரியும், செவுத்துல ஆலஞ்செடி முளைக்கிறதுதான் மிச்சம், நம்ம ஊர்ப் பக்கம் பழைய முன்சீப் கோர்ட்டு எத்தனை அப்படிப் போயிருக்குன்னு அப்பாவுக்கே தெரிஞ்சிருக்கும்.

இன்னொன்னு சொல்லாம விட மனசு வரல. அங்கிருந்து கொஞ்சம் நடந்தா எம்பிரஸ் பிளேஸ், இப்போ ஆசிய நாகரிக அரும்பொருளகம். அதுவும் முதல்ல கோர்ட்டுக்குன்னு கட்ட ஆரம்பிச்சதுதான், 1864-ல தொடங்கி 1867-ல முடிச்சாங்க, அப்புறம் அரசாங்க ஆபீசா ஆயிடுச்சு. கட்டினது இந்தியாவுல இருந்து நாடு கடத்திக் கொண்டுவந்த கைதிங்க, 1825-ல இருந்து 1873 வரைக்கும் இந்த ஊர் ரோடு, பாலம், கட்டடம்னு உழைச்சவங்க, அதுல மெட்ராஸ் பக்கத்து ஆளுங்க நிறைய. செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச் செவுத்துக்கும் அவங்கதான் பூசினாங்க, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்கா மட்டை ஊற வச்ச தண்ணி எல்லாம் சேர்த்து அரைச்ச மெட்ராஸ் சாந்து. தண்டனை வாங்கினவங்களே கோர்ட்டும் கட்டிக் குடுத்திருக்காங்கன்னு நினைச்சா எனக்கு அந்த வாசல்ல கால் நின்னுடும். அப்பாவக் கட்டாயம் அங்க கூட்டிட்டுப் போய் இதச் சொல்லுங்க.

கேள்வி: தேசிய நினைவுச் சின்னம்னு அறிவிச்சுட்டா அப்புறம் ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாதா? (பிடோக் வாசகர்)

பதில்: அப்படி இல்லீங்க, அனுமதி வாங்கிட்டுச் செய்யணும், அவ்வளவுதான். சட்டம் 1970-ல வந்துச்சு, 1973-ல முதல் 8 இடங்கள அறிவிச்சாங்க, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலும் அதுல ஒண்ணு. பாடாங் மைதானத்துக்கு எதிர்ல இருக்கிற 1939 உச்ச நீதிமன்றத்தப் பாருங்க, 1992-ல சின்னமா அறிவிச்சாங்க, 2005-ல கோர்ட் காலி பண்ணுச்சு, 2015-ல தேசிய கலைக்கூடம் ஆச்சு. உள்ள எவ்வளவோ மாத்தியிருக்காங்க, ஆனா கைதிங்கள அடைச்சு வச்ச அறையில ரெண்டு மட்டும் அப்படியே விட்டிருக்காங்க. நான் என் மகளோட அதுக்குள்ள நின்னு பாத்தேன், கையை நீட்டினா செவுரு, ரெண்டு நிமிஷத்துல அவ வெளிய ஓடிட்டா. படம் மாட்டுறதுக்கு இடம் வேணும்னு அதையும் எடுத்திருந்தா வெறும் தூணும் கும்மட்டமும்தான் மிஞ்சியிருக்கும், கோர்ட்டுனு சொல்ல ஒண்ணும் இருக்காது.

பழைய சுண்ணாம்புச் செவுரு வீட்ல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: மேல சிமெண்ட் பூசாதீங்க, சுண்ணாம்புச் செவுரு ஈரத்த வெளிய விடும், சிமெண்ட் அத உள்ளயே அடைச்சு வச்சிடும், அப்புறம் பூச்சு பொறை பொறையா உதிரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான்.

கேள்வி: பாடாங் எதிர்ல இருக்கிற அந்த பழைய உச்ச நீதிமன்றத்துல புதையல் இருக்குன்னு பையன் ஸ்கூல்ல கேட்டுட்டு வந்திருக்கான், நிஜமா? (தோ பாயோ வாசகி)

பதில்: நிஜம்தாம்மா, ஆனா தங்கம் இல்ல. 1937 ஏப்ரல் 1-ல அடிக்கல் நாட்டினப்ப அதுக்கு அடியில முந்தின நாள் பேப்பரும் கொஞ்சம் அந்தக் காலத்துக் காசும் போட்டுப் புதைச்சிருக்காங்க. 3000-ஆம் வருஷம்தான் தோண்டி எடுக்கணுமாம். கல்ல இப்பவே போய்ப் பாக்கலாம், பையனக் கூட்டிட்டுப் போங்க, சிட்டி ஹால் எம்ஆர்டியில இறங்கினா கொஞ்ச தூரம்தான்.