பிரியாணி போதும், வேறென்ன செய்யலாம்?

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்கள் சேர்ந்து வாழும் இல்லம் எங்கள் தெருவில் இருக்கிறது. பிறந்தநாளுக்குச் சாப்பாடு கொடுப்பது தவிர எப்படி உதவலாம்?

பதில்: சாப்பாடு கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். சிலருக்கு விழுங்குவதில் சிரமம் உண்டு. எலும்புத் துண்டு தொண்டையில் சிக்கும். கேட்காமல் கொண்டுபோகாதீர்கள். இல்லங்கள் திணறுவது இரவுப் பணியாளர் சம்பளத்துக்கும் வலிப்பு மாத்திரைக்கும்தான். ஒரு வேளை மாத்திரை தவறினாலே வலிப்பு வரலாம். ஆகவே சிறு தொகையானாலும் மாதாமாதம், வங்கி வழியாக. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை இல்லை. புதிய வரி முறையில் எப்படியும் கிடையாது.

நேரம் தருவதானால் வாராவாரம் அதே நாள், அதே மணி. ஆட்டிசம் உள்ளவர்கள் பலருக்குச் சொல்லாமல் மாறும் நேரம் பெரிய தொல்லை. போட்டோ வேண்டாம், அது அவர்கள் வீடு.

விண்ணப்பம், மனு எழுதும் வேலை தெரியுமா? அதுதான் தங்கம். இவர்களைப் போன்றோருக்கான நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டை (1 லட்சம் ரூபாய் வரை) காலத்தில் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகும். பிள்ளைக்கு 18 வயதானபின் பெற்றோரே தானாகச் சட்டபூர்வக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவில் மனுப்போட வேண்டும். பல குடும்பங்கள் இதைத் தள்ளிப்போட்டு, பெற்றோர் இறந்தபின் அலைகின்றன.